ஓயாமல் குரைக்கும் நாய்: எங்கிருந்து தொடங்குவது?

அதிகாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மிளகு என்றொரு பெண் நாய் இருக்கிறாள். கலப்பினம், நடுத்தர உடல்வாகு, இரண்டு வயது முடிந்துவிட்டது. நாங்கள் இருப்பது அடுக்ககத்தின் மூன்றாம் மாடி. படிக்கட்டில் காலடி கேட்டால் குரைக்கிறாள். லிஃப்ட் கதவு திறந்தால் குரைக்கிறாள். பால்கனியில் நின்றுகொண்டு கீழே போகும் நாய்களைப் பார்த்துக் குரைக்கிறாள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் வந்து நின்று குரைக்கிறாள். நாங்கள் வெளியே போன பிறகும் குரைப்பதாகக் கீழ்வீட்டுக்காரர் சொல்கிறார். அதட்டினால் ஒரு நொடி அடங்குவாள். உடனே முன்னிலும் பலமாகத் தொடங்குவாள்.

மற்றபடி தங்கமான நாய். யாரையும் கடித்ததில்லை. ஆனால் அவளை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழத் தொடங்கியிருக்கிறது. அது நடக்கவே கூடாது என்றுதான் இங்கே கேட்கிறேன். குரைப்பைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?


மலைச்சாரல் எழுதியது:

தம்பி, நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும். ஆனால் வளர்ப்பவர் போதும் என்றால் நிறுத்த வேண்டும். எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக நாய் வளர்க்கிறோம். குட்டியிலேயே கண்டிப்புக் காட்டாவிட்டால் பிறகு கைமீறிப் போய்விடும். அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அடிக்கச் சொல்லவில்லை. செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கித் தட்டுங்கள், அல்லது முகத்தில் தண்ணீர் தெளியுங்கள். நாலைந்து முறை செய்தால் புரிந்துகொள்ளும்.


ஓடைக்கரை எழுதியது:

மலைச்சாரல் ஐயா, நாய்களோடு நீண்டகாலம் பழகியவர் நீங்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் இந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தம்பி எழுதியதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் நான்கு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. காலடிச் சத்தத்துக்குக் குரைப்பது எச்சரிக்கை. பால்கனிக் குரைப்பில் ஆவேசமும் இருக்கலாம், கம்பிக்கு அப்பால் போக முடியாத தவிப்பும் இருக்கலாம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் குரைப்பது கேட்டு வாங்கும் குரைப்பு. தனியாக இருக்கும்போது ஏன் குரைக்கிறாள் என்பது இன்னும் நமக்குத் தெரியாது. இந்த நான்குக்கும் பொதுவான மருந்து கிடையாது. ஒன்றைத் தணிப்பது இன்னொன்றை வளர்த்துவிடும். சாப்பாட்டு நேரக் குரைப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது நல்ல வைத்தியம். தனிமையில் பயந்து அலறும் நாயைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பயம் முற்றும்.

குரைப்புகள் ஒலியிலேயே வேறுபடுகின்றன. சோஃபியா யின் என்ற கால்நடை மருத்துவரும் பிரெண்டா மெக்கோவன் என்ற ஆய்வாளரும் 2004ஆம் ஆண்டு இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்நியர் அழைப்புமணி அடிக்கும்போது, வளர்ப்பவரைப் பிரித்துத் தனியே விடும்போது, விளையாடும்போது என்று மூன்று சூழ்நிலைகளில் பதிவுசெய்த குரைப்புகளை ஒப்பிட்டார்கள். அழைப்புமணிக் குரைப்பு தாழ்ந்த சுருதியில், கரகரப்பாக, படபடவென்று வந்தது. தனிமைக் குரைப்பின் சுருதி உயர்ந்திருந்தது. ஹங்கேரியில் பீட்டர் பொங்க்ராட்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்த்தே பழக்கமில்லாதவர்கள்கூட வெறும் ஒலிப்பதிவைக் கேட்டு அது எந்தச் சூழ்நிலை என்பதைக் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே தம்பி, அடுத்த அறையில் நின்று உங்கள் மிளகின் குரலைக் கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே பிடிபடும்.

இப்போது செய்தித்தாளுக்கு வருகிறேன். படிக்கட்டில் காலடி கேட்கிறது, உடனே தரையில் ஓங்கி ஒரு சத்தம், வளர்ப்பவர் முகத்தில் கோபம். நாய் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? காலடி கேட்டால் வீட்டுக்குள்ளேயே கெட்டது நடக்கிறது என்று கற்றுக்கொள்ளும். அடுத்த காலடிக்கு இன்னும் பதறும். சில நாய்கள் குரைப்பதை நிறுத்தியும்விடும். ஆனால் உள்ளே இருக்கும் பயம் அப்படியே இருக்கும், அதை நமக்குச் சொல்லும் குரல் மட்டும் போய்விடும். குரைப்பதற்கும் உறுமுவதற்கும் திட்டு வாங்கி வாங்கி அடங்கிய நாய், ஒருநாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கடிக்கும். குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுதான். குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி நெருங்குவதும் ஆபத்தே. பயத்தில் குரைக்கும் நாய் மூலையில் சிக்கினால் கடிக்கும்.

தம்பி, முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது குரைத்தாள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குரைத்த பிறகு அவளுக்கு என்ன கிடைத்தது. இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். உடலையும் பாருங்கள். எடையை முன்னங்காலில் போட்டு நிமிர்ந்து நிற்கிறாளா, பின்னால் சாய்ந்து வாலைத் தாழ்த்தியிருக்கிறாளா? அதோடு, வெளியே போகும்போது ஒரு பழைய கைபேசியை வீட்டில் பதிவு செய்ய விட்டுவிட்டுப் போங்கள். தனியே இருக்கும் நாய் என்ன செய்கிறது என்பதைப் பார்க்காமல் யார் யோசனை சொன்னாலும் அது ஊகம்தான், நான் சொல்வதும் அப்படியே.


நள்ளிரவு எழுதியது:

நான் நாய் வளர்ப்பவன் இல்லை. பக்கத்து வீட்டில் நாய் இருப்பவன். இந்த இழையில் என் தரப்பையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு இரவு வேலை. பகலில்தான் தூங்க முடியும். அடுத்த வீட்டு நாய் அவர்கள் அலுவலகம் போனதும் தொடங்கும். சாதாரணப் பேச்சின் ஒலி அளவு 60 டெசிபல் அளவில் இருக்கும் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் சார்லி என்ற கோல்டன் ரிட்ரீவரின் குரைப்பு 2012இல் 113.1 டெசிபல் என்று அளக்கப்பட்டு உலக சாதனையானது. சாதாரண நாய் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவனுக்கு அடுத்த குரைப்பு எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பதே வேதனை. நாயின் மீது எனக்குக் கோபம் இல்லை. நான் போய்ச் சொன்னபோது, எங்கள் நாய் குரைப்பதே இல்லையே என்று அவர்கள் பதில் சொன்னதுதான் வருத்தம். அவர்கள் வீட்டில் இருக்கும்போது அது குரைப்பதில்லை, உண்மைதான். இல்லாதபோது குரைப்பது எனக்கு மட்டும்தானே கேட்கிறது?


ஓடைக்கரை எழுதியது:

நள்ளிரவு, நீங்கள் எழுதியது மிகவும் தேவையான செய்தி. வளர்ப்பவர் வீட்டில் இல்லாதபோது நாயின் நிலை என்ன என்பது உங்களைப் போன்ற அண்டை வீட்டாருக்கே தெரியும். புகார் என்று போகாமல், உங்கள் நாய் தனியாக இருக்கும்போது வருந்துகிறதோ என்று தோன்றுகிறது, இந்த நேரங்களில் இப்படிக் கேட்கிறது என்று ஒலிப்பதிவோடு காட்டினால் பலர் செவிகொடுப்பார்கள்.

அதிகாலை தம்பி, நீங்களும் கீழ்வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். முயற்சி செய்துகொண்டிருக்கிறோம், எந்த நேரத்தில் அதிகம் கேட்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் நோட்டில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.


அதிகாலை எழுதியது:

அக்கா, பதிவு செய்து பார்த்தோம். நான் எதிர்பார்த்தது வேறு. நாங்கள் கதவைப் பூட்டியதும் கொஞ்ச நேரம் கதவருகே நின்றாள். பிறகு சோபாவில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். அழவில்லை, கதவைப் பிறாண்டவில்லை. லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நிற்கும்போதெல்லாம் துள்ளி எழுந்து கதவுக்கு ஓடி, காலடி ஓயும்வரை குரைத்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறாள். கீழ்வீட்டுக்காரரும் காலையிலும் மாலையிலும்தான் அதிகம் என்கிறார். ஆட்கள் போய்வரும் நேரம் அது.


ஓடைக்கரை எழுதியது:

நல்ல செய்தி தம்பி. பிரிவுப் பதற்றம் உள்ள நாய் பெரும்பாலும் நாம் கிளம்பிய அரை மணி நேரத்துக்குள்ளேயே காட்டிவிடும். மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், அங்குமிங்கும் அலையும், கதவுநிலையைக் கடிக்கும், வைத்துவிட்டுப் போன உணவைத் தொடாது. மிளகு தூங்குகிறாள். அப்படியென்றால் தனிமைக் குரைப்பு என்று நாம் நினைத்ததும் லிஃப்ட் குரைப்பும் ஒன்றே. நான்கு சிக்கல் மூன்றாகிவிட்டது.

எச்சரிக்கைக் குரைப்பு ஏன் தானாக ஓயாது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். காலடி வருகிறது, மிளகு குரைக்கிறாள், காலடி போய்விடுகிறது. அந்த ஆள் தன் வீட்டுக்குப் போகிறார், அவ்வளவுதான். ஆனால் மிளகின் கணக்கில், தான் குரைத்ததால் அவர் ஓடிவிட்டார். ஒரு நாளில் இத்தனை முறை வெற்றி கிடைக்கும் வேலையை எந்த நாயும் விடாது. நாம் உள்ளேயிருந்து உரக்க அதட்டுவதும் அவளுக்கு நாமும் சேர்ந்து குரைப்பதாகவே படலாம்.

ஆகவே முதல் வேலை, அந்த வெற்றிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. அவள் படுக்கும் இடத்தை வாசல் கதவிலிருந்து தள்ளி உள்ளறைக்கு மாற்றுங்கள். நீங்கள் இல்லாதபோது மின்விசிறியோ வானொலியோ ஓடட்டும். சீரான ஓசை இருந்தால் வெளிச்சத்தம் அமுங்கும். காப்பகங்களில் நடத்திய ஓர் ஆய்வில், மெல்லிய செவ்வியல் இசை ஒலித்தபோது நாய்கள் அமைதியாக ஓய்வெடுத்தன, ஹெவி மெட்டல் இசைக்குக் குரைப்பு கூடியது. ஆகவே வானொலியில் எது ஓடுகிறது என்பதையும் கவனியுங்கள். பால்கனிக் கதவின் கீழ்ப்பாதியில் ஒளி ஊடுருவும், ஆனால் உருவம் தெரியாத தாளை ஒட்டுங்கள். கண்காணிப்பு இல்லாமல் பால்கனியில் விடாதீர்கள். இதெல்லாம் பயிற்சி ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் பயிற்சி கொடுத்தால், நீங்கள் அரை மணி நேரம் கற்றுக்கொடுத்ததை மீதி நாள் முழுவதும் அவள் மறந்துகொண்டிருப்பாள்.

இரண்டாவது வேலை, அந்தச் சத்தத்தின் பொருளை மாற்றுவது. லிஃப்ட் நிற்கும் ஓசையையும் காலடி ஓசையையும் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவள் நிதானமாக இருக்கும்போது, காதை மட்டும் லேசாகத் திருப்பும் அளவுக்கு மெல்லிய ஒலியில் போடுங்கள். ஓசை முதலில், அது கேட்ட பிறகு அவளுக்கு மிகப் பிடித்த இறைச்சித் துணுக்கு. இந்த வரிசை மாறக் கூடாது. உணவைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு ஓசையைப் போட்டால், உணவைப் பார்த்தாலே ஏதோ வரப்போகிறது என்று உஷாராகிவிடக் கற்றுக்கொள்வாள். ஓசை கேட்டதும் உங்கள் முகத்தை ஆவலோடு திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் ஒலியைச் சிறிது கூட்டலாம். குரைத்தாலோ, பிடித்த துணுக்கையே வேண்டாம் என்றாலோ, ஒலி அவளுடைய எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள் போதும். அவளுக்கு அலுப்பு வரும் முன் முடித்துவிடுங்கள்.

நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20,000தான். கைபேசிப் பதிவில் அவள் கேட்கும் எல்லா ஓசையும் வராது. அதனால் பதிவில் தேறிய பிறகு, குடும்பத்தில் ஒருவரை வெளியே அனுப்பி மெதுவாக நடக்கவைத்து மீண்டும் பழக்குங்கள். கடைசியில்தான் உண்மையான லிஃப்ட்.


செம்பருத்தி எழுதியது:

ஓடைக்கரை அக்கா, ஒரு சந்தேகம். குரைக்கும் நாய்க்கு இறைச்சித் துண்டு கொடுத்தால், குரைத்தால் கிடைக்கும் என்றுதானே கற்றுக்கொள்ளும்? எங்கள் வீட்டு ஆண் நாய், எங்கள் பையன், அப்படித்தான் ஆகிவிட்டான். ஒரு குரை, உடனே என் முகத்தைப் பார்ப்பான், துண்டு எங்கே என்று.


ஓடைக்கரை எழுதியது:

சரியான கேள்வி தோழி. எல்லோரும் இடறும் இடம் இது.

பயத்தில் குரைக்கும் நாய்க்கு உணவு கொடுப்பதால் பயம் வளராது. பயம் ஓர் உணர்ச்சி. அது தின்பண்டத்துக்காகச் செய்யும் வேலை கிடையாது. பயமூட்டிய ஓசைக்குப் பின்னால் நல்லது வரும் என்று மீண்டும் மீண்டும் நிகழ்ந்தால் உணர்ச்சியே மாறுகிறது. நாய்களை வைத்து ஆராய்ந்த ருஷ்ய அறிவியலாளர் பாவ்லோவ் காலத்திலிருந்து தெரிந்த செய்தி இது. ஆனால் உங்கள் பையனுக்குப் பயம் இல்லை. அவன் ஒரு தொடர்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டான்: குரை, நிறுத்து, வாங்கு. அதை உடைக்க நேரத்தை முன்னுக்கு இழுக்க வேண்டும். ஓசை கேட்டதும் அவன் காது விடைக்கும், வாய் மூடிக்கொள்ளும், உடல் ஒரு கணம் உறையும். குரை வருவதற்கு முன் இருக்கும் அந்தக் கணத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். வந்தால் அப்போது கொடுங்கள். அந்தக் கணம் தப்பிவிட்டதா? அமைதியாக அழைத்துச் சென்று உட்காரவைத்து, சற்று நேரம் வாய் மூடி இருந்த பிறகு கொடுங்கள். அந்தச் சற்று நேரம் நாளாக நாளாக நீளட்டும்.

போதும் என்ற சொல்லையும் வீடு அமைதியாக இருக்கும்போதே சொல்லிக்கொடுங்கள். அழைப்புமணி அலறும்போது முதல் பாடம் எடுத்தால் காதில் ஏறாது. இயல்பான குரலில் போதும் என்று சொல்லி, சில துணுக்குகளைத் தரையில் தூவுங்கள். தலை கீழே போகும், மூக்கு வேலை செய்யும். மோப்பம் பிடித்துக்கொண்டே குரைப்பது நாய்க்குக் கடினம். சொல் பழகிய பிறகு, முதலில் எளிய சந்தர்ப்பங்களில், பிறகு கடினமானவற்றில் பயன்படுத்துங்கள்.


மலைச்சாரல் எழுதியது:

இவ்வளவு பொறுமை எல்லோருக்கும் இருக்காது அம்மா. வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? குரைத்தால் லேசாக மின்னதிர்வு கொடுக்கும் கழுத்துப்பட்டை கிடைக்கிறதே, அது சீக்கிரம் முடியும் வழியாகத் தோன்றுகிறது. கண்டிப்பு வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.


கால்நடை மருத்துவர் எழுதியது:

ஐயா, நேரமில்லாதவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மின்னதிர்வுப் பட்டையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

அந்தக் கருவிக்குக் குரைப்பு மட்டுமே தெரியும், காரணம் தெரியாது. நாய் சன்னல் வழியே ஒரு குழந்தையைப் பார்த்து மகிழ்ச்சியில் குரைக்கிறது, கழுத்தில் சுரீர் என்கிறது. நாயைப் பொறுத்தவரை வலி எங்கிருந்து வந்தது? கண்ணெதிரே இருந்த குழந்தையிடமிருந்து. இப்படித்தான் வெறும் உற்சாகம் பகையாக மாறுகிறது. ஒலியைக் கேட்டு இயங்கும் வகைகளில் பக்கத்தில் இருக்கும் வேறொரு நாய் குரைத்தாலும் இதற்கு வலி விழக்கூடும். வேல்ஸ் அரசு 2010ஆம் ஆண்டிலேயே மின்னதிர்வுப் பட்டைகளை நாய், பூனைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. குரல்நாண்களை அறுத்து ஒலியைக் குறைக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றியும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. செல்லப் பிராணிகளின் பாதுகாப்புக்கான 1987ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்படிக்கை அதை விலக்கியிருக்கிறது. நாய் அப்போதும் குரைக்க முயன்றுகொண்டுதான் இருக்கும், பயம் அப்படியே இருக்கும். சத்தம் மட்டும் நமக்குக் கேட்காது.

பிரிவுப் பதற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த இழையைப் படிப்பவர்களில் சிலருடைய நாய்க்கு மிளகைப் போல் இல்லாமல் உண்மையாகவே அது இருக்கலாம். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அது பீதி. அத்தகைய நாய் தாங்கக்கூடிய நேரத்துக்குள் மட்டும் தனியே விட்டுத் திரும்புவது, அந்த நேரத்தைச் சிறுகச் சிறுக நீட்டுவது, இடைப்பட்ட காலத்தில் யாராவது உடன் இருக்க ஏற்பாடு செய்வது ஆகியவையே அடிப்படைச் சிகிச்சை. சாவியை எடுப்பது, செருப்பைப் போடுவது போன்ற கிளம்பும் அடையாளங்களுக்கே நடுங்கும் நாய்களும் உண்டு. அவற்றுக்கு, சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்கார்ந்துகொள்வதிலிருந்து தொடங்க வேண்டும். கடுமையாக இருந்தால் மருந்தும் தேவைப்படும். குளோமிப்ரமின், ஃபுளூவாக்ஸெடின் இரண்டும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. அந்த அனுமதியே பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வீட்டில் மனிதருக்கு வாங்கிய மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அளவும் பொருத்தமும் மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.


தாழம்பூ எழுதியது:

சாப்பாட்டு நேரக் குரைப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய போராட்டமாக இருந்தது.

யாரும் எதுவும் கொடுப்பதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஆனால் மாமனார் கடைசி வாய்க்கு ஒரு துண்டை மேசைக்கடியில் நீட்டுவார். எப்போதாவதுதான். அந்த எப்போதாவதுதான் மோசம் என்று பயிற்சியாளர் சொன்னார். தினமும் கிடைத்து ஒருநாள் நின்றால் நாய்க்குச் சீக்கிரம் புரிந்துவிடும். என்றைக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் அவ்வப்போது கிடைத்தால், கிடைக்காத நாளிலும் நம்பிக்கையோடு குரைத்துக்கொண்டே இருக்கும். இது நாய்க்கு மட்டும் உரியது இல்லை, எந்த உயிருக்கும் பொருந்தும் என்று நடத்தை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மாமனாரிடம் கொடுக்காதீர்கள் என்று சொன்னால் மனம் நோகும். அதனால் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும், நாய் தன் பாயில் படுத்திருந்தால், அவர் கையாலேயே அதன் தட்டில் வைக்கும்படி மாற்றினோம். கொடுக்கும் மகிழ்ச்சி அவருக்கு, பாயில் படுத்தால் கிடைக்கும் என்ற பாடம் நாய்க்கு. அதிகாலை, இதைக் கவனியுங்கள்: குரைக்காதே என்று சொல்வதோடு நிறுத்தினால் அதற்கு வேறு என்ன செய்வதென்று தெரியாது. கேட்பதற்கு இன்னொரு வழியைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.

தொடங்கும்போது ஒரு கட்டம் வரும். கண்டுகொள்ளாமல் விட்ட ஆரம்ப நாட்களில் குரைப்பு முன்பைவிட அதிகமாகும். இதுவரை வேலை செய்த உத்தி ஏன் செய்யவில்லை என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்த உச்சத்தில் யாராவது தாங்க முடியாமல் ஒரு துண்டு கொடுத்தால், இவ்வளவு பலமாகக் குரைக்க வேண்டும் போலிருக்கிறது என்று கற்றுக்கொள்ளும். அதனால் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.


நீலவானம் எழுதியது:

இனத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் பீகிள். முயலைத் துரத்தும்போது பின்னால் வரும் வேட்டைக்காரனுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே குரல் வளமுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துப் பல தலைமுறை பெருக்கிய இனம் இது. மந்தை காக்கும் காவல் நாய்களுக்கு இரவில் குரைப்பதே தொழில். பாசென்ஜி என்ற ஆப்பிரிக்க இனமோ சாதாரணமாகக் குரைப்பதே இல்லை, ராகம் இழுப்பதுபோல் ஒலி எழுப்பும். அடுக்ககத்துக்கு நாய் எடுக்க நினைப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காணொளியில் அழகாக இருக்கிறது என்று பீகிளை வாங்கி, குரைக்கிறது என்று காப்பகத்தில் விடுவது அநியாயம்.

எங்கள் பீகிள் முன்னிலும் குறைவாகக் குரைக்கிறது. அதற்கு நடை மட்டும் காரணமில்லை. பந்தை எறிந்து எறிந்து ஓடவிட்டால் உடல் களைத்தாலும் மனம் கொதித்துக்கொண்டே இருந்தது. நடையின்போது அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு புதரையும் மோந்து முடிக்க விட்டோம். உணவைத் தட்டில் வைக்காமல் துணியில் சுருட்டியும் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்தும் தேடவைத்தோம். மாற்றம் அதில்தான் தெரிந்தது.


ஓடைக்கரை எழுதியது:

நீலவானம் சொன்னதோடு தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் வரையிலும், குட்டி 18 முதல் 20 மணி நேரம் வரையிலும் தூங்கும். நாளெல்லாம் ஆட்கள் புழங்கும் வீட்டில், குழந்தைகள் எழுப்பிக்கொண்டே இருந்தால், நாய்க்குத் தூக்கம் கெட்டுச் சின்ன ஓசைக்கும் சீறும். காலையில் ஒரு பயம், மதியம் ஒரு பயம் என்று அடுக்கிக்கொண்டே போனால் மாலையில் ஒரு தும்மலுக்கும் குரைக்கும். வெடிச்சத்தமோ விருந்தினர் கூட்டமோ வந்துபோன மறுநாள் பயிற்சியே வேண்டாம், ஓய்வெடுக்க விடுங்கள்.

பால்கனிக் குரைப்புக்குத் தாள் ஒட்டினால் மட்டும் போதாது தம்பி. நடைக்குப் போகும்போது தொலைவில் ஒரு நாய் தெரிந்தால் மிளகு என்ன செய்கிறாள் என்று பாருங்கள். பார்த்தும் சாதாரணமாக நடக்கிறாள் என்றால் கம்பிதான் அவளைச் சீண்டுகிறது. அப்போதும் குரைக்கிறாள் என்றால் மற்ற நாய்களிடமே அவளுக்கு ஏதோ சங்கடம் இருக்கிறது. குரைக்காமல் பார்க்க முடிகிற தூரத்திலேயே நின்று, லிஃப்ட் ஓசைக்குச் செய்ததை நாய் உருவத்துக்கும் செய்ய வேண்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்து அருகே இழுத்துச் சென்று நண்பனாக்க முயல வேண்டாம்.


அதிகாலை எழுதியது:

தூரத்தில் தெரிந்தால் வாலை லேசாக ஆட்டியபடி பார்க்கிறாள் அக்கா, குரைப்பதில்லை. கம்பிதான் காரணம் போலிருக்கிறது. தாள் ஒட்டிவிட்டோம். படுக்கையையும் உள்ளே மாற்றிவிட்டோம். கைபேசி ஓசைக்கு இப்போது என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். உண்மையான லிஃப்டுக்கு இன்னும் குரைக்கிறாள், ஆனால் கூப்பிட்டால் பாதியில் விட்டு வருகிறாள். முன்பு அதுவும் நடக்காது. கொடுத்துவிடலாம் என்ற பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.


பனித்துளி எழுதியது:

இழையில் இடையே நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ராணிக்கு 13 வயது. வாழ்நாளெல்லாம் அமைதியாக இருந்தவள் சில மாதங்களாக இரவில் எழுந்து நின்று சுவரைப் பார்த்துக் குரைக்கிறாள். யாரும் வரவில்லை, எந்த ஓசையும் இல்லை. விளக்கைப் போட்டுத் தடவிக்கொடுத்தால் படுக்கிறாள், மீண்டும் எழுகிறாள். இதற்கும் மேலே சொன்ன பயிற்சிகள் உதவுமா?


கால்நடை மருத்துவர் எழுதியது:

பனித்துளி அம்மா, ராணிக்குப் பயிற்சி எதையும் தொடங்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வயதான நாயிடம் புதிதாக வரும் குரைப்பு என்றாலே நான் நோயைத்தான் முதலில் தேடுவேன். மூட்டுவலி உள்ள நாய்க்கு இரவில் புரண்டு படுப்பதே துன்பம். பல், காது ஆகியவற்றிலும் வலி இருக்கலாம். கண் மங்கினால் இருட்டில் திகைக்கும். காது கேட்காமல் போனால் தன் குரலின் அளவு தெரியாமல் உரக்கக் குரைக்கும்.

இவை எதுவும் இல்லையென்றால் மூளையின் முதுமைத் தளர்ச்சியைக் கருத வேண்டும். மனிதருக்கு வரும் மறதி நோயை ஒத்த நிலை அது. அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திடமும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திடமும் அதன் அறிகுறி ஏதேனும் ஒன்றாவது காணப்பட்டது. அதனால் ராணிக்கு ஏதோ அபூர்வமான நோய் வந்துவிட்டதாக நினைத்துக் கலங்காதீர்கள். பகலில் அதிகம் தூங்கி இரவில் அலைகிறாளா, பழகிய அறையின் மூலையில் வெளியே வரத் தெரியாமல் நிற்கிறாளா, கதவின் கீல் இருக்கும் பக்கம் போய்க் காத்திருக்கிறாளா, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறாளா என்று கவனியுங்கள். முழுமையாகக் குணமாக்க முடியாது. ஆனால் மருந்தாலும் உணவு மாற்றத்தாலும் அவளுடைய இரவுகளை எளிதாக்க முடியும். வலி என்றால் வலிமருந்திலேயே குரைப்பு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதுவரை, இரவில் ஒரு மங்கிய விளக்கு எரியட்டும். மேசை, நாற்காலிகளை இடம் மாற்றாதீர்கள். வழுக்கும் தரையில் விரிப்பு போடுங்கள். படுப்பதற்கு முன் ஒருமுறை சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிச் செல்லுங்கள். எழுந்து குரைத்தால் அதட்டாதீர்கள், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல்தான் கூப்பிடுகிறாள். குரல் கேட்காவிட்டாலும் கை பட்டால் தெரியும், பக்கவாட்டிலிருந்து மெதுவாகத் தொடுங்கள். அவள் இரவில் எழும் ஒன்றிரண்டு தடவைகளைக் கைபேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். பரிசோதனை மேசையில் எல்லா நாய்களும் நிமிர்ந்து நின்றுவிடும். வீட்டில் நடப்பது அந்தப் பதிவில்தான் எங்களுக்குத் தெரியும்.